ஆன்லைன் போக்கர் தளங்களை நடத்துவோருக்கு: என் ரேக் கணக்கை எனக்குக் காட்டுங்கள்

வணக்கம்.

போன வாரம் உங்கள் மேசைகளில் ஒன்றில் ஒரு பாட்டை, அதாவது ஒரு கையில் (ஒரு சுற்று ஆட்டத்தில்) எல்லோரும் போட்ட மொத்தப் பந்தயப் பணத்தை, ஜெயித்தேன். பெரிய பாட் ஒன்றுமில்லை, மொத்தம் 40 பிக் பிளைண்ட். (ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் முன்கூட்டியே போட வேண்டிய கட்டாயப் பந்தயங்களில் சின்னது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட். மேசையில் எதையும் அளப்பது இந்தப் பெரியதை வைத்துத்தான்.) மற்றவர்கள் எல்லோரும் ஃபோல்டு செய்துவிட, அதாவது சீட்டைக் கைவிட்டு விலகிவிட, மிஞ்சியது ஸ்மால் பிளைண்டில் ஒருவர், பிக் பிளைண்டில் நான். ஆளுக்கு 20 போட்டோம். கடைசிப் பொதுச்சீட்டான ரிவர் வரை போய் என் இரண்டு ஜோடி நின்றது. சிப்கள் என் பக்கம் சறுக்கி வந்தன. அதற்குச் சற்று முன்னால், கண் இமைக்கும் நேரத்தில், ஒரு சின்னக் குவியல் மட்டும் தனியே பிரிந்து மேசையின் மேல்விளிம்புக்குப் போய் மறைந்துவிட்டது.

என்னிடம் வந்தது 38. அதில் 20 நான் போட்ட பணம். ஆக லாபம் 18. உங்கள் விதிமுறைப் பக்கம் ரேக், அதாவது பாட்டிலிருந்து தளம் எடுக்கும் கழிவு, 5 விழுக்காடு என்கிறது. 40இல் 5 விழுக்காடு 2, கணக்கில் பிழையில்லை. ஆனால் நான் அந்த ஆளிடமிருந்து ஜெயித்தது 20தான். அதில் 2 போனால் 10 விழுக்காடு. நான் போட்டு நானே திரும்ப எடுத்த பணத்துக்கும் கழிவு பிடித்திருக்கிறீர்கள். இருவர் மட்டும் பணம் போட்டு, ரேக்கின் உச்சவரம்பைத் தொடாத எல்லாப் பாட்டிலும் இதுதான் நடக்கிறது: விளம்பரத்தில் 5, ஜெயித்தவன் லாபத்தில் 10.

இதைச் சண்டைக்கு இழுக்கும் தொனியில் எழுதவில்லை. ரேக்கே கூடாது என்று சொல்லவும் வரவில்லை. மேசை போடுபவருக்குக் கூலி வேண்டும். சர்வர் ஓட வேண்டும், சீட்டைக் கலைக்கும் நிரலை வெளியாள் வந்து தணிக்கை செய்ய வேண்டும், இரண்டு பேர் ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்து ஆடுவதையும் மனிதனுக்குப் பதிலாகத் தானியங்கி நிரல்கள் ஆடுவதையும் கண்டுபிடிக்க ஆட்கள் வேண்டும். இதெல்லாம் சும்மா வராது. அதோடு, போக்கரில் நீங்கள் எங்களுக்கு எதிராக ஆடுவதும் இல்லை. ரூலெட்டில் சக்கரம் சுழற்றுபவரே எதிராளி. ஒற்றைச் சுழி உள்ள சக்கரத்தில் அவருடைய சாதகம் 2.70 விழுக்காடு, இரட்டைச் சுழி உள்ளதில் 5.26. பச்சைக் கட்டத்தில் அந்தச் சுழி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. எண்ணத் தெரிந்த யாரும் 37 கட்டத்தை எண்ணி விழுக்காட்டைப் போட்டுவிடலாம். போக்கரில் அந்தச் சுழி மேசைமேல் இல்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கும்போது அது பக்கவாட்டில் வேலை செய்கிறது.

சின்ன வயதில் எல்லோரும் கேட்ட கதைதான். இரண்டு பூனைக்கு அப்பம் பங்கிடக் குரங்கு தராசு பிடித்த கதை. இந்தத் தட்டு தாழ்ந்தது என்று ஒரு கடி, அந்தத் தட்டு தாழ்ந்தது என்று இன்னொரு கடி. அந்தக் குரங்கைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும்: அது பூனைகளின் கண்முன்னால்தான் தின்றது. ஒவ்வொரு கடிக்கும் அப்பம் எவ்வளவு குறைந்தது என்று பூனைகளுக்குத் தெரிந்தது.

நீங்கள் எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பதைப் பலர் நன்றாக அறிந்திருப்பதாகவே நினைக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள்.

பாட்டின் அளவில் ஒரு விழுக்காடு, பெரும்பாலும் 5க்கு அருகில். அதற்கு ஓர் உச்சவரம்பு. ஃபிளாப் (முதல் மூன்று பொதுச்சீட்டுகள்) விழுவதற்கு முன்பே கை முடிந்துவிட்டால் ரேக் இல்லை என்பது பழைய மரபு. பல தளங்களில் இன்னும் இருக்கிறது, சில தளங்கள் ஃபிளாப்புக்கு முன்பே மறுபடி மறுபடி ஏற்றிய பாட்டுகளில் கையை நீட்டத் தொடங்கியிருக்கின்றன. யாரும் கால் செய்யாத (ஈடாகப் பணம் போடாத) பந்தயம் திரும்பி வரும்போது அதற்குக் கழிவு பிடிப்பதில்லை. இவ்வளவுதான் விதி. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அந்த ஒரு பக்கத்தைக் காட்டித்தான் 'நாங்கள் எதையும் மறைக்கவில்லையே' என்கிறீர்கள்.

உச்சவரம்பை எடுத்துக்கொள்வோம். அது ஆட்டக்காரனுக்குச் செய்யும் சலுகை மாதிரித் தெரியும். யாருக்குச் சலுகை என்று பாருங்கள். வரம்பு 3 சிப் என்று வையுங்கள். பிக் பிளைண்ட் 1 சிப்பாக இருக்கும் மேசையில் அந்த வரம்பைத் தொட 60 சிப் பாட் வேண்டும், அதாவது 60 பிக் பிளைண்ட். அந்த மேசையில் அப்படிப்பட்ட பாட் எப்போதாவதுதான் வரும். பிக் பிளைண்ட் 10 சிப்பாக இருக்கும் மேசையில் 6 பிக் பிளைண்ட் பாட்டிலேயே வரம்பு வந்துவிடும். அங்கே 60 பிக் பிளைண்ட் பாட் என்றால் 600 சிப், அதில் நீங்கள் எடுப்பது 3, அரை விழுக்காடு. அதே அளவு மோதல், அதே அளவு துணிச்சல், கீழ்மேசையில் 5 விழுக்காடு, மேல்மேசையில் அரை. நிஜத்தில் பந்தயம் ஏற ஏற வரம்பும் கொஞ்சம் ஏறும் என்பது உண்மை. ஆனால் பந்தயம் ஏறும் வேகத்தில் ஏறாது. கற்றுக்கொள்ள வருகிறவன் உட்காரும் மேசையில்தான் கழிவு கனமாக இருக்கிறது. பாவம், அவன்தான் கணக்குப் போட்டுப் பார்க்கவே மாட்டான்.

இப்போது ஒரு முழு மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர், ஆளுக்கு 100 பிக் பிளைண்ட். மேசைமேல் மொத்தம் 600. 100 கையில் 60 கை ஃபிளாப் பார்க்கிறது, சராசரிப் பாட் 8 பிக் பிளைண்ட் என்று வைத்துக்கொள்வோம். கீழ்மட்ட மேசைக்கு இது ஒன்றும் மிகையான கற்பனை இல்லை. ஒரு பாட்டுக்கு 0.4 வீதம் 100 கைக்கு 24 பிக் பிளைண்ட் வெளியே போகிறது. ஆளுக்கு 4. யாரும் புதிதாகப் பணம் கொண்டுவராமல், யாரும் எழுந்து போகாமல் அந்த ஆறு பேரும் ஆடிக்கொண்டே இருந்தால் 2,500 கையில் மேசையில் இருந்த பணத்துக்குச் சமமான தொகை உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும். ஆன்லைனில் ஒரு மேசையில் மணிக்கு 70 கை போகிறது. அப்படியானால் சுமார் 36 மணி நேரம். ஒன்றரை நாளில் ஆறு பேரின் பணமும் ஆவியாகிவிடும், ஆறு பேரில் ஒருவர்கூட அதை ஜெயித்திருக்க மாட்டார்.

அந்த 70 என்ற எண்ணில்தான் சூட்சுமம். நேரில் உட்கார்ந்து ஆடும் மேசையில் ஒருவர் சீட்டைக் கலைத்துப் போட்டு முடிப்பதற்குள் மணிக்கு 25, 30 கைதான் போகும். அங்கே விழுக்காடு உங்களுடையதைவிட அதிகமாகவே இருக்கும், ஆனால் கடிகாரம் மெதுவாக ஓடும். நீங்கள் விழுக்காட்டைக் குறைத்துக் காட்டிக் கடிகாரத்தை முடுக்கிவிட்டீர்கள். ஒரே நேரத்தில் நான்கு மேசை. அதற்கும் மேல், 2010இல் ஃபுல் டில்ட் தளம் 'ரஷ்' என்று கொண்டுவந்து பிறகு எல்லோரும் வேறு வேறு பெயரில் நகலெடுத்த அதிவேக மேசை. ஃபோல்டு அழுத்திய நொடியில் புது மேசை, புது எதிராளிகள், புதுச் சீட்டு. ஒரு மணி நேரத்தில் 200 கைக்கு மேல் ஆட முடிகிறது. எனக்கும் அது பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். காத்திருக்கும் சலிப்பே இல்லை. ஆனால் காத்திருக்கும் நேரத்துக்கு ரேக் இல்லை என்பதையும் இப்போது சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன்.

ஒரு காலாண்டு முழுக்க ஒரு தளத்தில் மட்டும் ஆடுவது என்று முடிவு செய்தேன். தளத்தின் பெயர் வேண்டாம், இது அந்த ஒரு தளத்தின் மீதான புகார் இல்லை. ஆறு பேர் மேசை, கீழ்மட்டப் பந்தயம். ஒவ்வொரு நாளும் கைகளின் பதிவுக் கோப்பை இறக்கி வைத்துக்கொண்டேன். 20,000 கை சேர்ந்ததும் உட்கார்ந்து, நான் ஜெயித்த ஒவ்வொரு பாட்டின் அடியிலும் 'ரேக்' என்று எழுதியிருந்த எண்ணைக் கூட்டினேன். முதலில் கையால் கூட்டலாம் என்று நினைத்த என் அசட்டுத்தனத்துக்கு இரண்டு இரவுகள் போயின. பிறகு ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டேன்.

மூன்று மாதக் கடைசியில் என் கணக்கில் 600 பிக் பிளைண்ட் குறைந்திருந்தது. எனக்கு அப்போது இருந்த விளக்கம் எளிமையானது: நான் சுமாராக ஆடுகிறேன், மற்றவர்கள் கொஞ்சம் நன்றாக ஆடுகிறார்கள். நிரல் வேறு கதை சொன்னது. நான் ஜெயித்த பாட்டுகளிலிருந்து போன ரேக் மட்டும் 1,000 பிக் பிளைண்ட். அதாவது மேசையில் இருந்த மனிதர்களிடம் நான் 400 ஜெயித்திருக்கிறேன். அவர்களிடம் தோற்கவில்லை. மேசையிடம் தோற்றிருக்கிறேன்.

உங்களில் கணக்குத் தெரிந்தவர்கள் இங்கே சிரிப்பார்கள். 20,000 கை ஒரு கையா, ஆறு பேர் மேசையில் 100 கைக்கு 80, 90 பிக் பிளைண்ட் மேலும் கீழும் ஆடுவது சகஜம், 20,000 கையில் ஆயிரத்துக்கு மேல் இப்படியோ அப்படியோ போகும், 400 ஜெயித்தேன் என்று மார்தட்டாதே என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்த 400 வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம். அடுத்த 20,000 கையில் அது கழித்தல் 800 ஆகலாம். ஆனால் அந்த 1,000 இருக்கிறதே, அதில் அதிர்ஷ்டம் இல்லை. அடுத்த 20,000 கையிலும் அது ஏறக்குறைய 1,000தான். இந்த ஆட்டத்தில் சீட்டு ஆடும், எதிராளி ஆடுவார், என் மனநிலை ஆடும். ஆடாமல் நிற்கும் ஒரே எண் உங்களுடையது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ளக்கூடிய அந்த ஒரே எண்ணைத்தான் என் கண்ணில் படாமல் வைத்திருக்கிறீர்கள்.

உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். இந்த மூன்று மாதத்தில் நான் மொத்தம் எவ்வளவு ரேக் கொடுத்திருக்கிறேன்? மிகவும் மரியாதையான பதில் வந்தது. ரேக் அட்டவணை எங்கள் விதிமுறைப் பக்கத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது என்று இணைப்பு கொடுத்தார்கள். அட்டவணை வேண்டாம் ஐயா, என் மொத்தம் வேண்டும் என்று மறுபடி எழுதினேன். அந்த விவரத்தை வாடிக்கையாளருக்குத் தருவதில்லை என்றார்கள். அதே மின்னஞ்சலின் அடியில், இன்னும் 140 புள்ளி சேர்த்தால் அடுத்த நிலைக்கு உயர்வேன் என்ற அறிவிப்பு இருந்தது.

இந்த மடலே அந்த 140 புள்ளியால்தான் எழுதப்படுகிறது. அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? நான் கொடுத்த ரேக்கிலிருந்து. ஒவ்வொரு கையிலும் என் பங்கு ரேக் எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்கிட்டுத்தான் புள்ளியாக மாற்றுகிறீர்கள். என்னை உங்கள் தளத்துக்கு அழைத்துவந்த முகவருக்குப் பங்கு கொடுக்கும்போதும் அந்த எண்தான் அடிப்படை. முகவருக்குத் தெரிகிறது, உங்கள் கணினிக்குத் தெரிகிறது. கொடுத்தவனுக்கு மட்டும் தெரியாது.

ரேக்பேக், அதாவது எடுத்த ரேக்கில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எங்களை அதிகமாகக் குழப்புகிறீர்கள். எடுத்த ரேக்கில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரிப்பதற்கு மூன்று வழிகள் இருந்தன. சீட்டு வாங்கிய எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது முதலாவது, இதை 'டெல்ட்' என்பார்கள். பாட்டில் ஏதாவது பணம் போட்டவர்களுக்குள் சமமாகப் பிரிப்பது இரண்டாவது. போட்ட அளவுக்கு ஏற்பப் பிரிப்பது மூன்றாவது, 'வெயிட்டட் கான்ட்ரிபியூட்டட்'. கேட்பதற்கு மூன்றாவதுதான் நியாயம். முதல் முறையில், நாள் முழுக்க ஃபோல்டு செய்துகொண்டு உட்கார்ந்திருந்த ஆளுக்கும் அடுத்தவர் கொடுத்த ரேக்கிலிருந்து பங்கு கிடைத்தது. ஆனாலும் 2012 ஜனவரியில் போக்கர்ஸ்டார்ஸ் தளம் முதல் முறையிலிருந்து மூன்றாவதுக்கு மாறியபோது கலவரமே நடந்தது. நூற்றுக்கணக்கில் மேசைகளில் உட்கார்ந்துகொண்டு ஆடாமல் இடத்தை அடைத்தார்கள். நிறுவனம் கடைசியில் ஆட்டக்காரர்களின் பிரதிநிதிகளை ஐல் ஆஃப் மேன் தீவில் இருக்கும் தலைமையகத்துக்கு அழைத்துப் பேச வேண்டி வந்தது.

2015 இன்னும் கசப்பானது. அதே தளத்தில் ஒரே ஆண்டில் 10 லட்சம் புள்ளி சேர்த்தால் 'சூப்பர்நோவா எலைட்' என்ற உச்ச நிலை. அதன் பலன் அடுத்த ஆண்டும் தொடரும் என்ற நம்பிக்கையில் சிலர் பகல் இரவு பாராமல் ஆடினார்கள், ஆட்டத்தில் நட்டம் வந்தாலும் பரவாயில்லை என்று ஆடியவர்களும் உண்டு. ஆண்டு முடியப் போகிற நேரத்தில், நவம்பரில், அடுத்த ஆண்டு அந்தப் பலன்கள் வெட்டப்படும் என்ற அறிவிப்பு வந்தது. டிசம்பர் 1 முதல் 3 வரை ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீட்டாடுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றால் என் வீட்டில் இன்றும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்ப வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்த ரேக், திரும்ப வராத ரேக்காக மாறிவிட்டது.

அதற்குப் பிறகு நீங்கள் புத்திசாலிகள் ஆகிவிட்டீர்கள். இப்போது ரேக்பேக் 'இவ்வளவு விழுக்காடு' என்று வருவதில்லை. பெட்டியாக வருகிறது, சுழலும் சக்கரமாக வருகிறது, தினம் மூன்று பணி முடித்தால் கிடைக்கும் பரிசாக வருகிறது. பெட்டியைத் திறந்தால் சில நாள் காசு, சில நாள் தூசு. சில தளங்களில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் உள்ளுக்குள் ஒரு மதிப்பெண் இருக்கிறது. தொடர்ந்து ஜெயிப்பவருக்குக் குறைவாகவும் தோற்பவருக்கு அதிகமாகவும் திருப்பிக் கொடுக்க அது பயன்படுகிறது. தோற்பவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நல்ல எண்ணம்கூட. ஆனால் ஒருவருக்கொருவர் வேறுபடும் விலையில் ஒரே பொருளை விற்கிறீர்கள், விலைச்சீட்டும் ஒட்டுவதில்லை. என் பக்கத்து இருக்கைக்காரரும் நானும் ஒரே ரேக் கொடுத்து வெவ்வேறு தொகை திரும்பப் பெறுகிறோம் என்றால், எனக்கு உண்மையான ரேக் எத்தனை விழுக்காடு என்று யாரைக் கேட்பது?

டூர்னமென்ட் பக்கம் உங்களைப் பாராட்டிவிடுகிறேன். அங்கே நேர்மை அதிகம். 100 + 10 என்று போட்டால் 100 பரிசுக்கு, 10 தளத்துக்கு, குழந்தைக்கும் புரியும். அந்தக் கூட்டல் குறியை மெல்ல மெல்ல அழித்துவிட்டு 110 என்று மட்டும் போடும் பழக்கம் பரவுகிறது, விவரத்தை இன்னொரு சொடுக்குக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்பேன். மறுநுழைவு வைக்கும்போது ஒவ்வொரு நுழைவுக்கும் அந்த 10 மறுபடி வருகிறது என்பதும் சோர்ந்துபோன ராத்திரியில் நினைவுக்கு வராது.

மூன்று பேர் ஆடும் லாட்டரிப் பாணி ஆட்டம் வேறு ரகம். மூன்று பேர் ஆளுக்கு 1 கொடுக்கிறோம். சக்கரம் சுழல்கிறது, பரிசு எத்தனை மடங்கு என்று நிற்கிறது. மிக அதிகமாக நிற்பது 2 மடங்கில். 3 உள்ளே போய் 2 வெளியே வருகிறது. மீதியில் ஒரு பகுதி உங்கள் கழிவு, இன்னொரு பகுதி எப்போதோ யாருக்கோ விழப்போகும் பெரும் மடங்குக்கான சேமிப்பு. ஒவ்வொரு மடங்கும் எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை வரும் என்ற பட்டியலைப் பல தளங்கள் வெளியிடுகின்றன. அதைப் பெருக்கிக் கூட்டினால் கழிவு விழுக்காடு தெரிந்துவிடும். அந்தப் பெருக்கலை நீங்களே செய்து தலைப்பிலேயே போடலாமே என்பதுதான் கேள்வி. பெரும் மடங்கு ஒருபோதும் விழாத ஆயிரக்கணக்கானோருக்கு அந்த ஆட்டத்தின் அனுபவ விலை அந்த விழுக்காட்டைவிட மிக அதிகம் என்பது வேறு சங்கதி.

சில்லறைக் கழிவுகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஜாக்பாட்டுக்கென்று பாட்டிலிருந்து தனியே எடுப்பது. கையில் இருக்கும் சிப் எல்லாவற்றையும் போட்டு ஆல்-இன் போன பிறகு மீதிச் சீட்டு விழும்வரை காத்திருக்காமல் அந்த நேரத்து வாய்ப்பின் மதிப்பை வாங்கிக்கொண்டு விலகும் வசதி, அதற்கு 1 விழுக்காடு அளவில் கட்டணம். பணம் எடுக்கும்போது கட்டணம், வேறு நாணயத்துக்கு மாற்றும்போது வித்தியாசம். எதுவும் தனியாகப் பார்த்தால் பெரிதில்லை.

இந்தக் கழிவெல்லாம் ஆட்டத்தையே மாற்றுகிறது என்பதைப் புதிதாக வருகிறவர்கள் யாரும் சொல்லித் தராமல் உணர முடியாது. பாட்டில் 50 இருக்கிறது, எதிராளி 50 போடுகிறார், நான் 50 போட்டு கால் செய்ய வேண்டும். மூன்றில் ஒரு முறை ஜெயித்தால் போதும் என்று எல்லாப் பாடமும் சொல்லும், 33.3 விழுக்காடு. ரேக்கைக் கழித்தால் 150 பாட் 142.5 ஆகிறது, எனக்குத் தேவை 35.1. இந்த 2 விழுக்காட்டுக்குள் எத்தனையோ கால்கள் இருக்கின்றன, பாடப்படி சரி, பணப்படி தவறு. ஸ்மால் பிளைண்டில் வெறுமனே கால் செய்வது கீழ்மேசைகளில் நட்டம் என்று அனுபவசாலிகள் சொல்வதற்குப் பெரிய காரணமே உங்கள் ரேக்தான். ஃபிளாப்புக்கு முன் முடித்தால் கழிவில்லை, ஆகவே பந்தயத்தை உயர்த்து அல்லது சீட்டை விட்டு ஓடு. நன்றாக ஆடுவது எப்படி என்ற கேள்விக்கான விடையில் பாதி, மேசையில் உட்காராத ஒருவர் எடுக்கும் தொகையைப் பொறுத்தது. அந்தத் தொகை என் விஷயத்தில் எவ்வளவு என்று தெரியாமல் நான் எப்படி ஆட்டத்தைத் திருத்திக்கொள்வது?

உங்கள் தரப்பில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும்.

ஒன்று, 'ரேக்கை ஜெயித்தவர்தானே கொடுக்கிறார், தோற்றவருக்கு என்ன கவலை' என்பது. பாட்டிலிருந்து போன 2 பிக் பிளைண்ட் எங்கே இருந்திருக்க வேண்டும்? ஜெயித்தவர் முன்னால். அங்கே இருந்திருந்தால் அடுத்த கையில் தோற்றவருக்கு அதைத் திரும்ப ஜெயிக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். மேசையை விட்டுப் போன பணத்தை யாரும் திரும்ப ஜெயிக்க முடியாது. ஆகவே அது ஆறு பேருடைய கவலையும்தான்.

இரண்டாவது, யாரும் வெளிப்படையாகச் சொல்லாதது. மொத்தத்தைக் காட்டினால் ஆட்கள் ஓடிவிடுவார்கள். சிலர் ஓடலாம். எனக்கு அந்த 1,000 தெரிந்த பிறகு நான் ஓடவில்லை. அதிவேக மேசையை விட்டேன், கொஞ்சம் மேலே கழிவு இலேசான மேசைக்கு மாறினேன், ஆடும் நேரத்தைக் குறைத்தேன். உங்களுக்கு என்னிடமிருந்து வருமானம் குறைந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பங்குச் சந்தைத் தரகர் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தரகு இவ்வளவு என்று எழுதித்தான் தருகிறார். பங்கு வாங்குவதை யாரும் நிறுத்திவிடவில்லை.

ஒரு எண்ணைக் காட்டச் சொல்வது இந்தத் தொழிலில் புதிதும் இல்லை. 1998இல் பிளானட் போக்கர் முதன்முதலாகப் பணத்துக்கு ஆன்லைன் மேசை போட்டதிலிருந்து பல வருடம் எங்களுக்கு இன்னொரு கேள்வி கேட்கத் தோன்றவே இல்லை: நாங்கள் கட்டிய வைப்புத்தொகை எங்கே இருக்கிறது? 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு மூன்று பெரிய தளங்களின் மீது குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. அதன் பிறகுதான் ஃபுல் டில்ட் எங்கள் பணத்தைத் தனியாக வைத்திருக்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் அதனிடம் பணமில்லை என்று வெளியே வந்தது. இன்று பிரிட்டனின் சூதாட்ட ஆணையத்திடம் உரிமம் வாங்கிய தளம், வாடிக்கையாளர் பணத்துக்கு எந்த அளவு பாதுகாப்பு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அந்த எழுத்து அடிபட்ட பிறகு வந்தது. ரேக் கணக்கு அடிபடுவதற்கு முன்னால் வரட்டும் என்கிறேன்.

நான் கேட்பது ஒரு பக்கம். என் கணக்கில் நுழைந்தால், வைப்புத்தொகைக்கும் எடுத்த தொகைக்கும் பக்கத்தில், இந்த மாதம் என் பங்கு ரேக் இவ்வளவு, எந்த முறையில் பிரித்தது, டூர்னமென்ட் கட்டணம் இவ்வளவு, மற்ற கழிவு இவ்வளவு, பெட்டியும் சக்கரமுமாகத் திரும்பக் கொடுத்தது இவ்வளவு, நிகரம் இவ்வளவு. அதற்குக் கீழே, மேசையில் மற்றவர்களிடம் நான் ஜெயித்தது அல்லது தோற்றது, ரேக்கைச் சேர்க்காமல். 100 கைக்கு எத்தனை பிக் பிளைண்ட் என்றும் ஒரு வரி இருந்தால் பந்தயம் மாறினாலும் ஒப்பிட வசதியாக இருக்கும். ஆண்டு மொத்தமும் வேண்டும், ஏனென்றால் மாதக் கணக்கு மறந்துவிடும், ஆண்டுக் கணக்கு உறைக்கும். ரேக்கையோ புள்ளி முறையையோ மாற்றுகிறீர்கள் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டு முடிந்த பிறகு மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன், 'போன ஆண்டு நீங்கள் ஆடிய அதே கைகளுக்குப் புது முறையில் இவ்வளவு ஆகியிருக்கும்' என்று அந்தப் பக்கத்திலேயே காட்டுங்கள். உங்கள் கணினிக்கு அது ஒரு நிமிட வேலைகூட இல்லை என்று ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும்.

எத்தனை மணி நேரமாக ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று பல தளங்கள் இப்போது திரையில் நினைவூட்டுகின்றன. நேற்று அப்படி ஒரு பெட்டி எழுந்தது: 'நீங்கள் 1 மணி நேரமாக ஆடுகிறீர்கள். தொடரலாமா?' இரண்டு பொத்தான்கள். அந்த வாக்கியத்துக்கும் பொத்தான்களுக்கும் நடுவே இன்னொரு வரிக்குத் தாராளமாக இடம் இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் ஆறு பேர் மேசையில், பெரும்பாலும் பிக் பிளைண்டில் இருப்பவன்